நாலு இயந்திரம், ஒரே சாவி

விடிவதற்கு முன்பே கோரின் அறுவடை இயந்திரத்தின் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். முதுகுக்குக் கீழே கோதுமைத் தாளடி உறைந்து முள்ளாய்க் குத்தியது. கிரீஸ் கன்னின் முனையை ஒவ்வொரு இடமாகப் பொருத்தி அழுத்த வேண்டும். ராத்திரிக் குளிரில் இறுகிப்போன கிரீஸ் இறங்குவேனா என்றது. கையுறை போட்டுக்கொண்டால் முனை எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாது. கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்து இழுக்கும். அவள் கழற்றித்தான் வைத்திருந்தாள். மொத்தம் முப்பத்தோரு இடம். இருபதாவதுக்கு வந்தபோது விரல் தன்னுடையதா வேறு யாருடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அக்டோபர் பாதி போய்விட்டது. செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டிய அறுப்பு இது. இந்த வருஷம் சஸ்காச்சுவான் சமவெளிக்கு வானம் ஒரு நாள் வெயிலைக் கொடுத்து நாலு நாள் ஈரத்தைக் கொட்டியது. அரிந்து வரிசை வரிசையாகக் கிடத்திய கோதுமை இரண்டு தடவை பனிக்கு அடியில் போய் மேலே வந்துவிட்டது. கதிரில் முளை கட்ட ஆரம்பித்திருந்தது. நாளைச் சாயங்காலம் மூன்றாவது பனி வருகிறதாம். அது தங்கிவிட்டால் ஏப்ரல் வரை நிலத்தைப் பார்க்க முடியாது. இடையில் இருப்பது இன்றைய பகலும் நாளைய பகலும்தான்.

கோரின் கூலி அறுப்புக் கூட்டத்துக்காரி. மே மாதம் டெக்சாஸில் தொடங்கி, பயிர் பழுக்கப் பழுக்க வடக்கே ஏறி, கனடாவில் பனி விரட்டும்வரை அறுத்துக்கொண்டே வருகிற கூட்டம். நிலம் யாரோ ஒருவருடையது. இயந்திரங்கள் வெண்டலுடையவை. முதுகு மட்டும் இவர்களுடையது. நாலு அறுவடை இயந்திரம், ஒரு தானிய லாரி. போன வெள்ளிக்கிழமை வரை நாலும் ஓடின.

அவள் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தபோது கிழக்கே சாம்பல் வெளிச்சம் பரவியிருந்தது. முந்நூறு அடி தள்ளி ஹென்னியின் இயந்திரம் நின்றது. அதன் வாயில் ஈர வைக்கோல் அடைத்தபடியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. வைக்கோலில் படிந்த கறையை உறைபனி மூடியிருந்தது. கோரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கதிரைக் கிள்ளி, மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடையவில்லை. மாவாக நசுங்கியது. நண்பகலுக்கு முன்னால் இயந்திரம் இறங்க முடியாது.

வெண்டல் எட்டு மணிக்குப் பிக்கப்பில் வந்தார். ஒரு கையில் காபி, இன்னொரு கையில் மடித்த காகிதம். ஐம்பத்தெட்டு வயசு. அப்பாவின் இயந்திரத்தில் பன்னிரண்டு வயசில் ஏறி உட்கார்ந்தவர், இன்னும் இறங்கவில்லை. வேலை தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஹென்னியை அன்றைக்குப் பின் சீட்டில் கிடத்தி, தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தை நாற்பது நிமிஷத்தில் ஓட்டி ஆஸ்பத்திரிக்குச் சேர்த்ததும் அவர்தான்.

"குடி. சூடா இருக்கு" என்று காபியை நீட்டினார்.

கோரின் வாங்கிக்கொண்டாள். குடிக்க அல்ல, விரலைச் சூடாக்க.

"இதுல ஒரு கையெழுத்து வேணும். தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து நாளைக்கு ஆள் வருது. அதுக்குள்ள எல்லாரோட வாக்குமூலமும் அனுப்பணும்."

அவள் காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். நாலே வரி. 'இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விதியை மீறி, ஊழியர் இயந்திரத்தின் உள்ளே கையை விட்டதை நான் பார்த்தேன்.'

"நான் இதைப் பாக்கலையே, வெண்டல்."

"கால் மைல் தள்ளி இருந்தே. உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

"கால் மைல்ல இருந்தாலும், நீங்க ஏணியில ஏறினது தெரிஞ்சுது."

வெண்டல் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "இதப் பாரு கோரின். அவன் உயிரோட இருக்கான். இன்ஷூரன்ஸ் எப்படியும் வரும். யார் தப்புன்னு எழுதினாலும் வரும். அவனுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. என் தப்புன்னு எழுதினா அடுத்த வருஷம் வெளிநாட்டு ஆளுங்களுக்கு எனக்கு அனுமதி கிடைக்காது. அப்புறம் டெவால்டுக்கு ஏது வேலை? ஃபெர்கலுக்கு ஏது? உனக்குந்தான் ஏது?"

"ஹென்னியோட பேரு?"

"பேரை வச்சு அவன் என்ன பண்ணப்போறான்?"

"நாலு விரல் போயிடுச்சு. பேராவது இருக்கட்டுமேன்னு கேட்டேன்."

"எல்லாரும் போட்டாச்சு. உன்னோடது மட்டும்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள குடு." பிக்கப்பின் கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். "நீ நல்ல வேலைக்காரி. இதைப் பெரிசாக்காதே."

எல்லாரும் போட்டாச்சு என்ற சொல் அவளுடன் கூடவே ஏணியேறி இயந்திரத்தின் ஓட்டும் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கண்ணாடி அறைதான் ஆறு மாசமாக அவள் வீடு. அதிகாலையில் ஏறினால் பதினாலு மணி நேரம். முன்னால் கோதுமை, பின்னால் தூசி, நாலு பக்கமும் வானம். குவாப்பெல் பள்ளத்தாக்கில் அவளுக்கு ஒரு வீடு உண்டு. வசந்தத்தில் அம்மா செத்த பிறகு அதில் அடுப்பு எரியவில்லை. போன் அடித்தால் தப்பான நம்பராக இருக்கும். அதைக்கூட அவள் சீக்கிரம் வைக்கமாட்டாள். நாற்பத்தெட்டு வயசில் ஒரு மனுஷியின் காதில் ஒரு நாளைக்கு எத்தனை குரல் விழ வேண்டும் என்று கணக்கு ஏதும் இருக்கிறதா? அவளுக்கு, இயந்திரத்துக்கு இயந்திரம் பேசிக்கொள்ளும் ரேடியோவில் வரும் நாலு குரல்தான். அந்த நாலு குரலையும் வெண்டல் மூன்று வாரத்துக்கு முன்னால் அடக்கிவிட்டார்.

அதற்குக் காரணம் காவல்.

காவல் என்பது இந்தக் கூட்டமே செய்துகொண்ட ஏற்பாடு. ஈர வைக்கோல் வந்தால் இயந்திரத்தின் வாய் அடைத்துக்கொள்ளும். இஞ்சினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கத்தியோடு வாய்க்குள் படுத்து அறுத்தெடுக்க வேண்டும். சாவி தன் பையில் இருந்தால் யாரும் இயந்திரத்தைக் கிளப்ப முடியாது என்பது நியாயம்தான். ஆனால் நாலும் ஒரே கம்பெனி இயந்திரம். ஒரே சாவி நாலுக்கும் போடும். எவன் பையிலிருக்கும் சாவியும் எவன் இயந்திரத்தையும் கிளப்பும். இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் ஹென்னி. தென்னாப்பிரிக்காவில் சோளக்காட்டில் பிறந்தவன், முப்பத்து நாலு வயசு. அவன்தான் சொன்னான்: உள்ளே போகிறவர் ரேடியோவில் பேர் சொல்லி 'உள்ளே' என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர் தன் இயந்திரத்தை நிறுத்தி, 'நிக்கிறேன்' என்று சொல்லி, கண்ணை அங்கேயே வைத்திருக்க வேண்டும். 'வெளியே' என்று கேட்கும்வரை நகரக் கூடாது.

நாலு வருஷம் அது நடந்தது. ஒரு நகம்கூட போகவில்லை.

இந்த வருஷம் முதல் பனி விழுந்து, பத்து நாள் வேலையில்லாமல் ஊர்ப் பனிச்சறுக்கு மைதானத்துக்குப் பின்னால் வண்டி வீடுகளில் எல்லோரும் சுருண்டு கிடந்தபின், வெண்டல் ரேடியோவில் சொன்னார்: "ஒருத்தர் உள்ள போனா ஒரு மெஷின் நின்னா போதும். இன்னொண்ணு எதுக்கு நின்னு வேடிக்கை பாக்குது? இனிமே ரேடியோல தானிய டேங்க் நிறைஞ்சுதுங்கிற பேச்சு மட்டும்தான். கதையளக்கிற வேலை வேணாம்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கோரினும் பேசவில்லை. இதுதான் இப்போது அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஹென்னியின் குரல் பழக்கதோஷத்தில் வந்தது. "ஹென்னி. உள்ளே."

பக்கத்தில் இருந்தது கோரின். அவள் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. போய்த் திரும்பி வந்தது. அவள் நிற்கவில்லை. அறுத்துக்கொண்டே போனாள். வரிசை முடிவில் திரும்பும்போதுதான், ஹென்னியின் இயந்திரத்தருகே வெண்டலின் பிக்கப் நிற்பதையும், வெண்டல் ஏணியில் ஏறுவதையும் கண்டாள். அடைத்துக்கொண்ட இயந்திரம், அறையில் ஆளில்லை. கத்தி எடுக்க எங்கேயோ போயிருப்பான், பின்பக்கமாகச் சுழற்றித் துப்ப வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். இவள் ரேடியோவில் கத்தினாள். "இறங்குங்க, உள்ள ஆளு இருக்கு." வெண்டலின் ரேடியோ பிக்கப்பில் கிடந்தது. வெண்டலின் சாவி வெண்டலின் பையில் இருந்தது. அதைப் போட்டுத் திருப்பினார், ஹென்னியின் கை உள்ளேயே இருந்தது.

ஹென்னியின் சாவி ஹென்னியின் பையில்தான் இருந்தது. அவனைத் தூக்கியபோது அது வைக்கோலில் விழுந்தது. நீல டேப் சுற்றிய சாவி. அதைப் பொறுக்கியவள் கோரின். மூன்று நாளாகத் தன் சாவியோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் வைத்துக்கொண்டாள். பென்சிலால் எழுதத் தொடங்கினாள். பார்த்ததை எழுதினாள், தான் நிற்காமல் போனதையும் எழுதினாள். எழுதி முடித்து மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். எல்லாரும் போட்ட பிறகு ஒருத்தி மட்டும் எழுதியதை எந்த ஆபீஸ் நம்பும்? காகிதம் நெஞ்சில் உறுத்தியது. அவ்வளவு பெரிய வெளியில் தன்னைப் போலத் தனியாக ஒரு பிராணி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

பதினோரு மணிக்கு ஓரெஸ்ட் தானிய லாரியை அவள் இயந்திரத்தை ஒட்டி நிறுத்தினான். இறங்கும்போது இரண்டு முழங்காலும் சடசடவென்று சத்தம் போட்டன. அறுபத்தொரு வயசு, உக்ரேனிய வம்சம், தாத்தா காலத்திலிருந்து இந்த மண். கையில் ஒரு தூக்கு.

"கோரின், மூஞ்சி என்ன இப்படி உறைஞ்சு போச்சு? வெயில்ல வச்சா இளகுமா, இல்ல சூப் ஊத்தணுமா?"

"என்ன சூப்பு?"

"பீட்ரூட்டு. என் பொண்டாட்டி அனுப்பினது. குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிடு, இல்லைன்னா அடுத்த வாரமும் இதையே அனுப்புவா."

"நல்லா இருந்தாதானே திரும்ப அனுப்புவாங்க?"

"நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு எத்தனை நாள் இருந்தே? அவ நல்லா இருக்குன்னா மனசு திருப்தியாகி வேறே சமைப்பா. நொட்டை சொன்னா சரியா வர்ற வரைக்கும் விடமாட்டா."

கோரின் சிரிக்கவில்லை. ஓரெஸ்ட் சக்கரத்தின் மேல் சாய்ந்துகொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல. நீ எப்படி கையெழுத்துப் போட்டே?"

"நான் எங்க போட்டேன்?"

"கோரினே போட்டுட்டா, உனக்கென்னன்னு வெண்டல் காலையில என்கிட்ட சொன்னார்."

"என்கிட்ட, எல்லாரும் போட்டாச்சு, நான்தான் பாக்கின்னார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓரெஸ்ட் தூக்கைத் தரையில் வைத்தான்.

"ஃபெர்கல்கிட்ட நான் போட்டுட்டேன்னு சொல்லியிருப்பார். அந்த அயர்லாந்துக்காரன் நேத்திலிருந்து என் மூஞ்சியைப் பாக்கமாட்டேங்கறான், ஏன்னு இப்பதான் புரியுது. அவனும் போட்டிருக்கமாட்டான்."

"டெவால்டு?"

"அவன் போட்டுட்டான். அது நிஜம். ஹென்னியோட சித்தப்பா பையன், பாவி, அழுதுகிட்டே போட்டான். அவன் வேலை அனுமதிச் சீட்டுல வெண்டல் பேருதானே இருக்கு. இவர் கைவிட்டா அடுத்த விமானம்." ஓரெஸ்ட் குரலைத் தாழ்த்தினான். "நேத்து ஹென்னிக்குப் போன் போட்டேன். வலியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. 'கோரின் பாத்தா, அவ சொல்லுவா'ன்னு மட்டும் சொன்னான். ரெண்டு தடவை சொன்னான்."

கோரின் தூக்கைத் திறக்காமலே அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவன் 'உள்ளே'ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு, ஓரெஸ்ட். நான் நிக்கல."

"என் காதுலயும் விழுந்துச்சு. ஃபெர்கல் காதுலயும் விழுந்துச்சு. நீ மட்டும்தான் செவிடு இல்லாத ஆளுன்னு நினைச்சுக்காதே." அவன் லாரிக்கு நடந்தான். ஏறுமுன் நின்றான். "பேசக் கூடாதுன்னு அவர் எதுக்குச் சொன்னார்னு இப்ப தெரியுது. பத்து நிமிஷம் மிச்சம் பிடிக்க மட்டும் இல்ல. நாம ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கக் கூடாதுன்னும்தான்."

நண்பகலில் மேகம் விலகி வெளிறிய வெயில் வந்தது. ஈரமானி பதினேழு சதவீதம் காட்டியது. உலர்த்திக்கொள்கிறேன், கொண்டுவாருங்கள் என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். மூன்று இயந்திரங்களும் இறங்கின. கோரின் நடுவில், டெவால்டு இடப்பக்கம், ஃபெர்கல் அந்தக் கோடியில். அரி அரியாய்க் கிடந்த கோதுமை உருண்டு வாய்க்குள் போனது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் விடவில்லை. இயந்திரம் முனகிக்கொண்டே விழுங்கியது. சத்தத்தைக் கேட்டே கோரின் வேகத்தைக் குறைத்தாள், கூட்டினாள். 'டேங்க் நிறைஞ்சுது' என்ற பேச்சைத் தவிர ரேடியோவில் ஒன்றுமில்லை.

இரண்டு மணிக்குத் தாழ்வான ஒரு இடத்தில், பனி உருகித் தேங்கியிருந்த ஓரத்தில், இயந்திரம் ஒரு தடவை உறுமி அடைத்துக்கொண்டது. பின்பக்கம் சுழற்றிப் பார்த்தாள். நகரவில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும்.

இஞ்சினை அணைத்தாள். சாவியை உருவினாள். நீல டேப் சுற்றிய சாவியோடு அதையும் பையில் போட்டாள். கத்தியை எடுத்தாள். கதவைத் திறக்கப் போனவள் நின்றாள். வெண்டலின் பிக்கப் வயல் ஓரத்தில் நின்றது. அவர் பையில் இந்த இயந்திரத்துக்கும் ஒரு சாவி இருந்தது. பயம் இருந்தது. அதைவிட, வெள்ளிக்கிழமை தன் கட்டைவிரல் திரும்பி வந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

ரேடியோவை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"கோரின். உள்ளே."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பதில் வராவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் தெம்பு அவளுக்கில்லை. ஏணியிறங்கி, வாய்க்கு முன்னால் மண்டியிட்டு, மல்லாந்து உள்ளே ஊர்ந்தாள். முகத்துக்கு ஒரு சாண் மேலே இரும்புப் பற்கள். ஈர வைக்கோல் கயிறாய் முறுக்கிக்கொண்டு கிடந்தது. கத்தியால் அறுத்தாள், இழுத்தாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. பூஞ்சணத் தூசி மூக்கை அடைத்தது. ஹென்னி இப்படித்தான் படுத்திருந்தான். இந்த இடத்தில்தான் கை இருந்தது.

இரும்பு வழியாகத் தூரத்து இயந்திரங்களின் அதிர்வு முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. அறுத்துக்கொண்டே இருந்தவளுக்கு முதலில் புரியவில்லை. இடப்பக்க அதிர்வு நின்றது. டெவால்டும் அடைத்துக்கொண்டானோ என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடியில் இருந்ததும் நின்றது. கடைசியாக லாரியின் டீசல் இஞ்சின் இரண்டு தடவை இருமி அடங்கியது. மே மாதத்திலிருந்து வேலை நேரத்தில் அவள் கேட்டிராத அமைதி அந்த வயலில் இறங்கியது. அந்த அமைதியில், திறந்து கிடந்த அறைக்கதவு வழியாக, மேலேயிருந்து ரேடியோ பேசியது.

"ஃபெர்கல். நிக்கிறேன்."

"ஓரெஸ்ட். நிக்கிறேன். முழங்கால் வலிக்குது, ஆனாலும் நிக்கிறேன்."

பிறகு ஒரு இடைவெளி. அப்புறம் உடைந்த குரல். "டெவால்டு. நிக்கிறேன், அத்தை."

தென்னாப்பிரிக்காவில் மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம். முதல் தடவை அவன் அத்தை என்றபோது கோரின் கேலி செய்திருந்தாள். இப்போது வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே அறுத்தாள், ஏனென்றால் வேலை அப்படியே கிடந்தது.

பிக்கப் பாய்ந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு அறைந்தது.

"யார் சொல்லி நிறுத்தினீங்க?" வெண்டலின் குரல்.

"யாரும் சொல்லல" என்றான் ஃபெர்கல். அவன் இயந்திரத்தை விட்டு இறங்கி நடந்து வந்திருந்தான். "அவ உள்ள இருக்கா."

"ஒருத்தி உள்ள போனா மூணும் நிக்கணுமா? மேற்கால பாரு, வானம் எப்படி இருக்குன்னு. நாளைக்குச் சாயங்காலம் பனி. ஆயிரம் ஏக்கர் கிடக்கு."

"முன்னாடி ஒண்ணுதான் நின்னுது" என்றான் ஓரெஸ்ட். "அதை வேணாம்னது நீங்க. இப்ப எல்லாம் நிக்குது."

"என் மெஷின். நானே ஓட்டிக்கிறேன்." சாவி குலுங்கியது.

"ஓட்டுங்க. ஒண்ணை ஓட்டலாம். சாவி நாலுக்கும் போடும், வெண்டல். நீங்க நாலுலயும் உட்கார முடியாது."

கோரின் கடைசியாக ஒரு கொத்தை இழுத்துப் போட்டுவிட்டு ஊர்ந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் உமி, முகத்தில் கரி. கத்தியை மடக்கினாள்.

"வெளியே" என்றாள், எல்லோருக்கும் பொதுவாக.

அப்போதுதான் டெவால்டைப் பார்த்தாள். அவன் இவர்களோடு நிற்கவில்லை. ஹென்னியின் இயந்திரத்துக்கு நடந்துபோய் அதன் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்திருந்தான். யாரும் அதில் ஏற முடியாதபடி.

கோரின் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். "நீங்க குடுத்தது ஒரு பக்கம். நான் பாத்தது மறுபக்கம். இதைத்தான் நாளைக்கு ஆபீஸ் ஆள்கிட்ட குடுப்பேன். ஹென்னியோட சாவியையும் குடுப்பேன். அது அவன் பையிலிருந்து விழுந்துச்சு. இஞ்சின் ஓடலைன்னு அந்தச் சாவிக்குத் தெரியும்."

வெண்டல் காகிதத்தைத் தொடவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார். "டெவால்டு. நீ கையெழுத்துப் போட்டவன். எழுந்து போய் வேலையைப் பாரு."

"அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுங்க, ஐயா."

"காலையிலயே அனுப்பியாச்சு."

"அப்போ இன்னொண்ணு எழுதறேன். முதல்ல எழுதினது பயத்துல எழுதினதுன்னு அதுலயே எழுதறேன்."

"உன் அனுமதிச் சீட்டுல யார் பேரு இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." டெவால்டு மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "ஊருக்குத் திரும்பினா ஹென்னியோட அம்மா முன்னாடி நிக்கணும். அதுவும் ஞாபகம் இருக்கு."

மேலே வாத்துக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே தெற்கே போனது. வெண்டல் அதைப் பார்த்துவிட்டு மேற்கே பார்த்தார். அவர் கையில் சாவி இருந்தது.

"நான் வேணும்னு செய்யல" என்றார். குரல் சட்டென்று கிழவனுடையதாக மாறியிருந்தது. "அவன் அங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"அது எங்களுக்குத் தெரியும்" என்றாள் கோரின். "தெரியாம போனதுக்குக் காரணம், தெரியப்படுத்தறதை நீங்க நிறுத்தினது. நாங்க வாயை மூடிக்கிட்டு இருந்தது. ரெண்டையும் எழுதியிருக்கேன். நீங்க எழுதச் சொன்னதுல ஹென்னி மட்டும்தான் இருக்கான்."

"இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

"காகிதத்துல நடந்தது இருக்கணும். உள்ள ஆள் இருந்தா பக்கத்து மெஷின் நிக்கணும். உள்ள போறவங்க கையில உங்க சாவியும் இருக்கணும்."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா பனி வரும்" என்றான் ஃபெர்கல்.

"எல்லாரையும் இப்பவே அனுப்பிடுவேன். வேற கூட்டத்தைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க" என்றான் ஓரெஸ்ட். "எல்லைக்கு இந்தப் பக்கம் சும்மா இருக்கிற மெஷின் ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்க, நானும் பாக்கணும். அப்புறம் அந்தப் பாதுகாப்பு ஆள் வர்றப்ப, ஆபத்தான வேலையை மாட்டேன்னு சொன்னதுக்காக அனுப்பினீங்கன்னு அதையும் சேத்துச் சொல்லிடறோம். சட்டத்துல அது தப்பாம். என் மச்சான் சொன்னான். அவன் சொன்னது வாழ்க்கையிலயே சரியா இருந்தது இது ஒண்ணுதான்."

வெண்டல் பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. நிலக்காரரையா, வேறு கூட்டத்தையா, வக்கீலையா, டெவால்டை அனுப்பிவைக்கிற ஆபீசையா, எதுவாகவும் இருக்கலாம். மேற்கே மேகம் சுவர் வைத்ததுபோல் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். அந்த மூன்று மணி நேரம் எல்லோருக்கும் தேவைப்பட்டது. முளைவிட்ட கோதுமை இவர்களுக்கும் வலிக்காமல் இல்லை.

கோரின் குனிந்து இயந்திரத்தின் வாய்க்குள் பார்த்தாள். கழுத்துப் பக்கம் இன்னும் பாதி அடைப்பு இருந்தது. என்ன முடிவானாலும் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். அவள் நிமிர்ந்து பிக்கப்பைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வெண்டல் போனில் பேசிக்கொண்டே இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை வண்டியின் முன்பலகைமேல், இவர்கள் பார்வை படும் இடத்தில் வைத்திருந்தார். கொடுக்கவில்லை. பையில் போடவும் இல்லை.

ஃபெர்கல் பிக்கப்பின் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். ஓரெஸ்ட் அவள் ஏணியின் அடியில் காலி வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். டெவால்டு ஹென்னியின் அறைக்குள் ஏறினான். மூன்று நாளாகப் பேசாமல் கிடந்த அந்த இயந்திரத்தின் ரேடியோவைக் கையில் எடுத்தான்.

அவள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லோரும் கண்ணெதிரில்தான் இருந்தார்கள். ஆனாலும் ஏணியேறி, ரேடியோவை எடுத்து, பொத்தானை நன்றாக அழுத்திச் சொன்னாள்.

"கோரின். உள்ளே."

"நிக்கிறோம்" என்று ஹென்னியின் இயந்திரத்திலிருந்து பதில் வந்தது.

அவள் கத்தியை விரித்துக்கொண்டு உள்ளே போனாள்.